வெள்ளம் குடிக்கும் வேன்



புதுக்கடைப் பக்கத்துச் சாயக்கடைகளில் காலை நேரத்தில் அடிக்கடி காணக்கூடிய காட்சி ஒன்று உண்டு. பழைய வேன் ஒன்று வந்து நிற்கும். டிரைவர் இறங்கி, சாயைக்குச் சொல்லிவிட்டு, கடைக்காரரிடம் ஒரு பாட்டில் வெள்ளம் வாங்கி ரேடியேட்டரில் ஊற்றுவார். "நேத்தும் ஊத்தினியே மக்கா?" என்று கேட்டால், "வண்டி நல்ல வண்டியாக்கும் அண்ணாச்சி. கொஞ்சம் வெள்ளம் குடிக்கும், அவ்வளவுதான்" என்பார்.

எருமை வெள்ளம் குடிக்கலாம். வேன் குடிக்கக் கூடாது. குடிக்கிறது என்றால் அது எங்கேயோ போகிறது. எங்கே போகிறது என்று கண்டுபிடிக்காமல் ஊற்றிக்கொண்டே இருந்தால், ஒரு நாள் எஞ்சினே போய்விடும்.

இந்த எண்ணம் நமக்கு எங்கிருந்து வந்தது என்று நான் யோசித்ததுண்டு. பழைய ஆயில் எஞ்சின் பம்புசெட் ஓட்டினவர்களுக்கு நினைவிருக்கும். எஞ்சின் தலைமேல் வாய் திறந்த தொட்டி ஒன்று இருக்கும். அதில் வெள்ளம் கொதித்து ஆவியாகப் போகும், நாம் ஊற்றிக்கொண்டே இருப்போம். அங்கே அதுதான் முறை. வேன் அப்படிப்பட்டதல்ல. வேனில் வெள்ளம் ஒரு மூடிய வட்டத்தில் சுற்றுகிறது. எஞ்சினில் சூடேறி, மேல் ஹோஸ் வழியாக ரேடியேட்டருக்குப் போய், அங்கே காற்றில் ஆறி, கீழ் ஹோஸ் வழியாகத் திரும்பி வருகிறது. சரியாக இருக்கிற வண்டியில் மாதக் கணக்கில் ஒரு சொட்டு ஊற்ற வேண்டியிராது.

நம்ம பகுதியில் மாட்டடார், டிராவலர் என்று பழைய டீசல் வேன்கள் இன்னும் ஓடுகின்றன. அண்ணன் தம்பிமார் மூன்று நான்கு பேர் சேர்ந்து வாங்கிப்போட்டு, கல்யாணத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் திருவிழாவுக்கும் எடுப்பார்கள். ஆகஸ்ட் கடைசியில் வேளாங்கண்ணித் திருவிழா வந்தால், சீட்டை எடுத்துவிட்டுப் பாய் விரித்து, அரிசி, மரச்சீனி, பாத்திரம், ஸ்டவ் எல்லாம் ஏற்றிக்கொண்டு, குடும்பத்தோடு அந்த வண்டியிலேயே இரண்டு மூன்று நாள் குடியிருப்பார்கள். வழியில் ஒரு மரத்தடியில் நிறுத்திச் சோறு பொங்கிச் சாப்பிடுவதில் ஒரு சுகம் இருக்கத்தான் செய்கிறது. (ஸ்டவ்வை வண்டிக்கு வெளியே வைத்துப் பற்றவையுங்கள்.) போக நானூறு கிலோமீட்டருக்கு மேல் இருக்கும். அந்தப் பயணத்தில்தான் வண்டியின் சுகக்கேடு எல்லாம் வெளியே வரும்.

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்துக்கு அப்படி வந்தது. பழைய வேன், வாங்கும்போதே வெள்ளம் குடிக்கும். ஒரு இடத்தில் ரேடியேட்டர் போச்சு என்றார்கள், மாற்றினார்கள். பிறகும் குறைந்தது. இன்னொரு இடத்தில் வாட்டர் பம்ப் என்றார்கள், அதையும் மாற்றினார்கள். அந்தத் தைரியத்தில் வேளாங்கண்ணிக்குப் புறப்பட்டார்கள். தூத்துக்குடி தாண்டியதும் எஞ்சின் கொதித்து, ஹெட் விரிந்துவிட்டது. ஏத்தன் குலை வெட்டின அந்த வருஷத்துப் பணம் முழுக்க ஹெட்டுக்கும் லேத்துக்கும், வண்டியைக் கட்டி இழுத்து வந்த கூலிக்கும் போயிற்று. கடைசியில் பார்த்தால், முதலிலிருந்தே கோளாறு ரேடியேட்டர் மூடியில் இருந்த ஒரு ரப்பர் வளையம். மூடியின் விலை ஒரு ஏத்தங்குலை விலைகூட வராது. ரேடியேட்டரை மாற்றினார்களே, மூடியை ஏன் மாற்றவில்லை என்று கேட்டேன். "பழைய மூடி நல்லாத்தானே இருந்தது" என்றார்கள்.

ஆகையால் மூடியிலிருந்தே தொடங்குகிறேன்.

ரேடியேட்டர் மூடி பானைக்குப் போடுகிற மூடி போன்றதல்ல. அது பிரஷர் குக்கரின் வெயிட் மாதிரி. திறந்த பாத்திரத்தில் வெள்ளம் 100 டிகிரியில் கொதிக்கும். குக்கருக்குள் அழுத்தம் இருப்பதால் 120 டிகிரி வரை கொதிக்காமல் இருக்கும். ரேடியேட்டரிலும் அதே கதை. சதுர அங்குலத்துக்கு 7 பவுண்டு அழுத்தம் தாங்குகிற மூடி போட்டால், உள்ளே வெள்ளம் 111 டிகிரி வரை கொதிக்காது. மூடியின் ரப்பர் வெடித்தோ ஸ்பிரிங் தளர்ந்தோ போனால், இந்தக் காவல் போய்விடும். சாதாரண சூட்டிலேயே வெள்ளம் பொங்கி, பக்கத்துச் சிறு குழாய் வழியாகத் தரையில் ஒழுகும். ஓடுகிற வண்டியில் யாரும் அதைப் பார்க்க மாட்டார்கள். மலை ஏறினால் இன்னும் மோசம். கொடைக்கானல் உயரத்தில் திறந்த பாத்திரத்து வெள்ளம் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். அங்கே மூடி கெட்ட வண்டியின் பாடு கேட்க வேண்டாம்.

மூடிக்குள் இன்னொரு சிறு வால்வு இருக்கிறது. எஞ்சின் ஆறும்போது உள்ளே உறிஞ்சல் உண்டாகும். அப்போது இந்த வால்வு திறந்து, பக்கத்துப் பாட்டிலில் இருக்கிற வெள்ளத்தை, அல்லது பாட்டில் இல்லாத வண்டியில் வெளிக்காற்றை, உள்ளே விடும். காலையில் வண்டியைப் பார்க்கும்போது மேல் ஹோஸ் சப்பிப்போய்க் கிடந்தால், அந்த வால்வு பிடித்துக்கொண்டது என்று அர்த்தம். மூடியை மாற்றுங்கள். மாற்றும்போது பழைய மூடியில் அச்சடித்திருக்கிற அழுத்த எண் எதுவோ அதே எண் வாங்க வேண்டும். "இது கொஞ்சம் பலமானது" என்று கூடின எண் மூடியைப் போட்டால், பழைய ஹோஸும் பற்றவைத்த ரேடியேட்டரும் தாங்காது.

இன்னொன்று. சூடான எஞ்சினில் மூடியைத் திறக்கவே கூடாது. சாயக்கடை டிரைவர் செய்வது அதுதான். அழுத்தம் போன அந்த நிமிஷமே உள்ளே இருக்கிற வெள்ளம் மொத்தமும் கொதித்து முகத்தில் அடிக்கும். இந்த மாதிரி வேன்களில் எஞ்சின் டிரைவருக்கும் பக்கத்து சீட்டுக்கும் நடுவில், ஒரு பெட்டிக்குள் இருக்கிறது. அந்தப் பெட்டிமேல் பிள்ளைகளை உட்கார வைக்கிற வழக்கத்தை விடுங்கள். ஹோஸ் வெடித்தால் ஆவி வண்டிக்குள்ளேயே வரும்.

சரி, மூடி நன்றாக இருக்கிறது, ஆனாலும் சூடாகிறது. அடுத்து என்ன? ஒர்க்‌ஷாப்புக்குப் போகும்முன் உங்களை நீங்களே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: எப்பம் சூடாகிறது? நோயாளியிடம் வைத்தியர் "காய்ச்சல் ராத்திரியா, பகலா" என்று கேட்பது போலத்தான். அந்த ஒரு பதிலில் பாதி நோய் தெரிந்துவிடும்.

மார்த்தாண்டம் நெரிசலில் நிற்கும்போது சூடாகிறது, ரோட்டில் ஓடத் தொடங்கினால் ஆறிவிடுகிறது என்றால், கோளாறு விசிறிப் பக்கம். ஓடும்போது எதிர்காற்று ரேடியேட்டரை ஆற்றும். நிற்கும்போது விசிறிதான் காற்று இழுக்க வேண்டும். எஞ்சினை நிறுத்தி, சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு, பேன் பெல்ட்டின் நீளமான பகுதியின் நடுவில் பெருவிரலால் அழுத்துங்கள். சுமார் அரை அங்குலம் இறங்கலாம். அதற்குமேல் தொளதொளவென்றிருந்தால் இறுக்க வேண்டும். பெல்ட்டின் பக்கம் கண்ணாடி போல் பளபளத்தால், இறுக்கியும் பயனில்லை, வழுக்கும். புதுசு போடுங்கள். விசிறியைச் சுற்றி ஒரு வளையம் இருக்குமே, அதை "வேலைக்கு இடைஞ்சல்" என்று கழற்றி எறிந்த வண்டிகளை நான் பார்த்திருக்கிறேன். அது இல்லாவிட்டால் விசிறி ரேடியேட்டர் வழியாகக் காற்றை இழுக்காமல் பக்கத்துக் காற்றையே அரைத்துக்கொண்டிருக்கும். எஞ்சின் ஓடும்போது பார்ப்பதானால், தோளில் கிடக்கும் துவர்த்தை முதலில் எடுத்து வைத்துவிடுங்கள். பெல்ட் அதைப் பிடித்தால் கழுத்தோடு இழுக்கும்.

மாறாக, நிற்கும்போது ஒன்றுமில்லை, நிறைய ஆள் ஏற்றி வேகமாக ஓட்டினால், அல்லது குலசேகரம் தாண்டிப் பேச்சிப்பாறைப் பக்கம் ஏறினால் சூடாகிறது என்றால், ரேடியேட்டரை நோக்க வேண்டும். டீசல் எரிந்து கிடைக்கிற சக்தியில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான் வண்டியை ஓட்டுகிறது. இன்னொரு பங்கு புகையோடு போகிறது. மிச்சத்தில் பெரும்பகுதியை இந்த வெள்ளம்தான் சுமந்து போய் வெளியே தள்ள வேண்டும். சுமை கூடக்கூடத் தள்ள வேண்டிய சூடும் கூடும். பாதி அடைத்த ரேடியேட்டர் லேசான ஓட்டத்துக்குப் போதும், ஏற்றத்துக்குப் போதாது.

அடைப்பு வெளியே இருக்கலாம், உள்ளே இருக்கலாம். முதலில் வெளியே பாருங்கள். மழைக்காலத்தில் ஈசல், வைக்கோல் தூசி, ரோட்டுச் சேறு எல்லாம் சேர்ந்து தகடுகளின் இடைவெளியை மெழுகிவிடும். எஞ்சின் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக, மெதுவான பீச்சலில் கழுவுங்கள். வேகமாக அடித்தால் தகடு மடங்கிப்போகும். தேங்காய்ப்பட்டணம், இரையுமன்துறைப் பக்கம் கடல்காற்றில் நிற்கிற வண்டிகளுக்கு வேறொரு நோய் உண்டு. தகடு விரல் பட்டாலே உதிரும். செம்பு ரேடியேட்டர் என்றால் பச்சைப் பொடி, அலுமினியம் என்றால் வெள்ளைப் பொடி. குழாயில் ஓட்டை இருக்காது, வெள்ளமும் ஒழுகாது. ஆனால் சூட்டைக் காற்றுக்குக் கொடுக்கிற தகடே இல்லை. அதற்குக் கழுவல் மருந்தல்ல, ரேடியேட்டரை மாற்றத்தான் வேண்டும்.

சிரிக்காமல் கேளுங்கள், திருவிழா வண்டிகளில் இன்னொரு அடைப்பும் உண்டு. முன்பக்கக் கிரில்லை மூடி ஒரு பெரிய பேனர், அதன்மேல் மாலை, இரண்டு பக்கமும் வாழைக்கன்று. பேனர் கட்டின வண்டிக்குள் எதிர்காற்று எப்படிப் போகும்? ரேடியேட்டர், பம்ப், தெர்மோஸ்டாட் என்று தேடுவதற்கு முன்னால் பேனரை அவிழ்த்துக் கூரைமேல் கட்டிப் பாருங்கள்.

காற்றைச் சொன்னதும் ஆரல்வாய்மொழி நினைவு வருகிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை அந்தக் கணவாயில் மேற்கேயிருந்து காற்று எப்படி அடிக்கும் என்று முப்பந்தல் காற்றாலைகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். திருநெல்வேலிப் பக்கம் போகும்போது அந்தக் காற்று வண்டியின் முதுகில் அடிக்கிறது. வண்டியின் வேகமும் காற்றின் வேகமும் கிட்டத்தட்ட ஒன்றானால் ரேடியேட்டருக்கு எதிர்காற்றே கிடையாது, விசிறி ஒன்றுதான் துணை. போகும்போது அங்கே சூடாகி, திரும்பும்போது அதே இடத்தில் ஆறியே ஓடினால், பெல்ட்டையும் விசிறியையும் சந்தேகப்படுங்கள்.

உள் அடைப்பைக் கண்டுபிடிக்க விலையில்லாத கருவி உங்கள் உள்ளங்கை. வண்டியை நன்றாகச் சூடேறும்வரை ஓட்டி, எஞ்சினை நிறுத்திவிட்டு, ரேடியேட்டரின் முன்பக்கத்தில் கையை அருகில் கொண்டுபோய் மேலிருந்து கீழே, இடமிருந்து வலமாகப் பாருங்கள். (கரண்டு விசிறி உள்ள வண்டியில் சாவியை எடுத்த பிறகும் விசிறி தானாகச் சுற்றலாம், பேட்டரி வயரைக் கழற்றிவிட்டுப் பாருங்கள்.) சூடு ஒரே சீராக மேலிருந்து கீழே குறைந்து வர வேண்டும். நடுவில் ஒரு இடம் மட்டும் பச்சையென்று இருந்தால், அந்த இடத்துக் குழாய்களில் வெள்ளம் ஓடவில்லை. பழைய செம்பு ரேடியேட்டர் என்றால், மேல் தொட்டியைப் பிரித்து, குழாய்களுக்குள் கம்பி விட்டுச் சுத்தம் செய்து, திரும்பப் பற்றவைக்கிற ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள். பிளாஸ்டிக் தொட்டி வைத்த அலுமினிய ரேடியேட்டரில் அந்த வேலை நடக்காது.

மூன்றாவது பதில் ஒன்று உண்டு. "காலையில் எடுத்த உடனேயே, கருங்கல் போய்ச் சேரும்முன்னே முள் மேலே போயிடுது." இது இரண்டில் ஒன்று. ஒன்று தெர்மோஸ்டாட் மூடியபடியே பிடித்துக்கொண்டது, அல்லது ஹெட் கேஸ்கெட் விட்டுவிட்டது. முதலாவது சின்னச் செலவு, இரண்டாவது பெரிய செலவு. ஆகவே முதலாவதையே முதலில் பார்க்க வேண்டும். முள் சிவப்புக்குப் போயும் மேல் ஹோஸ் பச்சையாகவே இருந்தால், தெர்மோஸ்டாட் வழி விடவில்லை, அல்லது ஹோஸ் வரை வெள்ளமே இல்லை. மூடி, ஆறின பிறகு திறந்து வெள்ளம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டு வாருங்கள்.

சோதனை அடுக்களையிலேயே செய்யலாம். சோறு பொங்குகிற பாத்திரம் வேண்டாம், பழைய தகரப் பாத்திரம் ஒன்று எடுங்கள். தெர்மோஸ்டாட்டை நூலில் கட்டி, அடியில் முட்டாமல் வெள்ளத்தில் தொங்கவிட்டு அடுப்பைப் பற்றவையுங்கள். அதன்மேல் 80, 82 என்று ஒரு எண் வெட்டியிருக்கும். அந்தச் சூட்டில் திறக்கத் தொடங்கும், வெள்ளம் கொதிக்கும்முன் முழுவதும் திறந்துவிட வேண்டும். கொதிக்கிற வெள்ளத்திலும் வாய் திறக்காவிட்டால் தூக்கிப் போடுங்கள்.

தூக்கிப் போட்ட இடத்தில் புதுசு போட வேண்டும். இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. "நம்ம ஊர்ச் சூட்டுக்கு தெர்மோஸ்டாட் என்னத்துக்கு? கழற்றி விடு" என்று நம்மிடையே ஒரு பேச்சு வெகுநாளாக இருக்கிறது. எனக்கு இதில் உடன்பாடு இல்லை. டீசல் எஞ்சினுக்கு அதிகச் சூடு எவ்வளவு கெடுதலோ, சூடு போதாததும் அவ்வளவு கெடுதல். பம்புசெட்டில் கிணற்று வெள்ளத்தைப் பச்சையாகவே எஞ்சினுக்குள் திருப்பிவிட்டு, எப்போதும் குளிர்ந்தே ஓட வைத்தவர்களைக் கேளுங்கள். லைனரும் ரிங்கும் சீக்கிரம் தேய்ந்து, ஆயில் கருத்து, டீசலும் கூடச் செலவாகும். அதோடு, சில எஞ்சின்களில் தெர்மோஸ்டாட் இன்னொரு வேலையும் செய்கிறது. சூடேறினதும் குறுக்குவழியை அடைத்து, வெள்ளம் முழுவதையும் ரேடியேட்டருக்கு அனுப்புகிறது. அதைக் கழற்றிவிட்டால் குறுக்குவழி திறந்தே கிடக்கும். பாதி வெள்ளம் ரேடியேட்டரைப் பார்க்காமலே எஞ்சினுக்குத் திரும்பும். ஆற்றுவதற்காகக் கழற்றினது ஏற்றத்தில் கொதிக்க வைக்கும்.

இனி ஹெட் கேஸ்கெட். எஞ்சின் பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் நடுவே இருக்கிற தகடு அது. அது விட்டால் சிலிண்டருக்குள் எரிகிற வாயு வெள்ளத்துக்குள் வரும், வெள்ளம் சிலிண்டருக்கோ ஆயிலுக்கோ போகும். ஹெட்டைக் கழற்றாமலே இதைப் பெரும்பாலும் கண்டுபிடிக்கலாம். காலையில் எஞ்சின் முழுக்கக் குளிர்ந்திருக்கும்போது மூடியைத் திறந்து, கழுத்து வரை வெள்ளம் நிரப்பி, ஸ்டார்ட் செய்யச் சொல்லிவிட்டுப் பாருங்கள். முதலில் இரண்டு குமிழி வந்து நின்றால் பயமில்லை. அது உள்ளே தங்கின காற்று. சோறு கொதிக்கிற மாதிரி நிற்காமல் குமிழி வந்துகொண்டே இருந்தால், அது வாயு. மூடியைப் போட்டு ஸ்டார்ட் செய்து ஒரு நிமிஷத்துக்குள், வெள்ளம் சூடாகும்முன்னே மேல் ஹோஸ் கல்லாட்டம் இறுகினாலும் அதே அர்த்தம்.

ஆயில் குச்சியை இழுத்துப் பாருங்கள். ஆயில் மோர் கலந்த மாதிரி வெளுத்திருந்தால், வெள்ளம் ஆயிலில் கலந்துவிட்டது. அந்த வண்டியை ஒர்க்‌ஷாப் வரைகூட ஓட்டாதீர்கள், கட்டி இழுங்கள். பேரிங் எல்லாம் போய்விடும். ஆனால் ஒரு எச்சரிக்கை: அடைமழைக் காலத்தில், குறைந்த தூரமே ஓடுகிற வண்டியில், ஆயில் ஊற்றுகிற மூடியின் அடியில் மட்டும் கொஞ்சம் வெண்ணெய் போலப் படியும். அது ஈரக்காற்று படிந்தது. குச்சியில் ஆயில் சுத்தமாக இருந்தால் கேஸ்கெட்டைக் குறை சொல்ல வேண்டாம். அதுபோலக் காலைக் குளிரில் சைலன்சரில் கொஞ்ச நேரம் வெள்ளைப் புகை வருவது இயல்பு. சூடேறின பிறகும் நிற்காமல் வெள்ளைப் புகை வந்து, ரேடியேட்டரில் வெள்ளமும் குறைந்தால்தான் சந்தேகம். காலையில் ஸ்டார்ட்டர் 'டக்' என்று முட்டி நின்றால், மறுபடி மறுபடி அடிக்காதீர்கள். ராத்திரியில் சிலிண்டருக்குள் வெள்ளம் இறங்கியிருக்கலாம். வெள்ளம் அமுங்காது, கனெக்டிங் ராடுதான் வளையும்.

இதெல்லாம் இல்லை, வெளியேதான் எங்கேயோ ஒழுகுகிறது என்றால், வண்டி நின்ற இடத்தில் ராத்திரி ஒரு பழைய அட்டையை விரித்து வையுங்கள். காலையில் ஈரம் இருக்கிற இடத்துக்கு நேர்மேலே பாருங்கள். வாட்டர் பம்ப்பின் அடியில் ஒரு சிறு துளை வைத்திருப்பார்கள். உள் சீல் தேய்ந்தால் அதன் வழியாகச் சொட்டும். அந்தத் துளையை எம்‌சீல் வைத்து அடைத்த ஒரு மகாபுத்திசாலியை எனக்குத் தெரியும். வெள்ளம் பேரிங்குக்குள் போய், பம்ப் உடைந்து, விசிறி ரேடியேட்டரில் பாய்ந்தது. விசிறி பம்ப்பிலேயே மாட்டியிருக்கிற வண்டியில், எஞ்சின் நின்றிருக்கும்போது இறக்கையைப் பிடித்து முன்னும் பின்னும் அசைத்தாலே பேரிங் ஆட்டம் தெரிந்துவிடும். கீழ் ஹோஸ் கொஞ்சம் சூதானமாகப் பார்க்க வேண்டியது. உள்ளே ஒரு கம்பிச் சுருள் இருக்கும். அது துருப்பிடித்துப் போயிருந்தால், சும்மா நிற்கும்போது ஹோஸ் நன்றாகவே தெரியும், ஆக்சிலேட்டரை மிதித்தால் பம்ப் உறிஞ்சி ஹோஸ் சப்பிப்போகும். வேகமாக ஓடினால் மட்டும் சூடாகிற வண்டியில் இதையும் பாருங்கள்.

மஞ்சள் பொடி பற்றிக் கேட்பீர்கள். ரேடியேட்டர் ஒழுக்குக்கு ஒரு பிடி மஞ்சள் பொடி போடுகிற வித்தை டிரைவர்மார் எல்லாருக்கும் தெரியும். சின்ன ஒழுக்கு நிற்கத்தான் செய்யும். நடுரோட்டில் வேறு வழியில்லை என்றால் போட்டு வீடு வந்து சேருங்கள். வந்ததும் கழுவி எடுத்துவிட வேண்டும். ஓட்டையை அடைக்கிற பொடிக்கு நல்ல குழாய் எது என்று தெரியாது.

எந்த வெள்ளம் ஊற்றுவது என்பதும் பெரிய விஷயம். கடலோரக் கிணற்று வெள்ளத்தில் உப்பு இருக்கும். அது அலுமினிய ஹெட்டைத் தின்னும். கடின நீர் என்றால், சுடுநீர்ப் பாத்திரத்தின் அடியில் படிகிற வெள்ளைக் காரை எஞ்சினுக்குள்ளும் படியும். குளத்து வெள்ளத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். நம்ம மாவட்டத்துக்கு இரண்டு பருவமழை கிடைக்கிறது. முதல் இரண்டு மழையில் கூரை கழுவப்பட்ட பிறகு, சுத்தமான பாத்திரத்தில் மழைவெள்ளம் பிடித்து வைத்தால் வருஷம் முழுக்க வேனுக்குப் போதும். இல்லாவிட்டால் பேட்டரிக்கு ஊற்றுகிற டிஸ்டில்டு வாட்டர் வாங்குங்கள். அதோடு கூலண்ட் சேருங்கள். "இங்கே பனியா உறைகிறது, கூலண்ட் எதற்கு?" என்பார்கள். உறையாமல் இருக்க மட்டுமல்ல அது. துருவைத் தடுக்கும், கொதிநிலையைச் சில டிகிரி உயர்த்தும். டப்பாவில் எழுதியிருக்கிற கலவை அளவுப்படி ஊற்ற வேண்டும். வடித்த பழைய கூலண்டைத் தொழுவத்துப் பக்கம் கொட்டாதீர்கள். அது இனிப்பாக இருக்கும், ஆடும் நாயும் நக்கும், சிறுநீரகம் கெட்டுச் சாகும். பிள்ளைகள் கைக்கு எட்டும்படி பழைய சர்பத் பாட்டிலில் ஊற்றி வைப்பதும் வேண்டாம்.

வழியில் கொதித்தால் என்ன செய்வது? முள் ஏறுகிறது, ஆனால் ஆவி இல்லை, பெல்ட்டும் சுற்றுகிறது என்றால், ஓரமாக நிறுத்தி நியூட்ரலில் கொஞ்சம் வேகமாக எஞ்சினை ஓடவிடுங்கள். இரண்டு நிமிஷத்தில் முள் இறங்கத் தொடங்கலாம். இறங்காவிட்டாலோ, ஆவி வந்தாலோ, பெல்ட் அறுந்தாலோ உடனே நிறுத்திவிட வேண்டும். அடுத்த பம்ப் வரைக்கும், அடுத்த ஊர் வரைக்கும் என்று ஓட்டினவர்கள்தான் ஹெட்டைப் பறிகொடுத்தவர்கள். முள் திடீரென்று கீழே விழுந்தாலும் சந்தோஷப்படாதீர்கள். வெள்ளம் முழுக்கப் போனால், சூடு பார்க்கிற கருவியைத் தொட வெள்ளம் இல்லாமல் முள் விழும்.

நிறுத்தினால் முக்கால் மணி நேரமாவது பொறுக்க வேண்டும். மேல் ஹோஸைக் கையால் சுகமாகப் பிடிக்க முடிகிறபோது, நனைத்த சாக்கை மூடிமேல் போட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு முதல் படி வரை மட்டும் திருகுங்கள். சீற்றம் அடங்கின பிறகு முழுதும் திறக்கலாம். காய்ந்த மண்சட்டியில் பச்சை வெள்ளம் ஊற்றினால் என்ன ஆகும் என்று வீட்டுப் பெண்களுக்குத் தெரியும். ஹெட்டும் அப்படித்தான். எஞ்சினை மெதுவாக ஓடவிட்டுக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாகப் பைய ஊற்ற வேண்டும்.

ஊற்றும்போது உள்ளே காற்று தங்கிவிடாமல் பார்ப்பது கடைசி வேலை. தங்கின காற்று இருக்கிற இடத்தில் வெள்ளம் தொடாது, அங்கே இரும்பு தனியாகக் காயும். இதில் ஜெர்மன்காரர்கள் பட்ட பாடு ஒன்று உண்டு. அங்கே வோக்ஸ்வாகன் கம்பெனி 1950 முதல் ஒரு வேன் செய்தது. அதற்குள் கட்டிலும் அடுப்பும் வைத்து வீடு போல ஊர் ஊராகப் போவார்கள். நம்ம வேளாங்கண்ணி வேனுக்கு அது பெரியப்பா முறை. முதலில் அதன் எஞ்சினை வெறும் காற்றே ஆற்றியது. 1980-களின் தொடக்கத்தில் வெள்ளத்துக்கு மாற்றினார்கள். எஞ்சின் பின்னால், ரேடியேட்டர் முன்னால், நடுவே வண்டி நீளத்துக்குக் குழாய். அந்தக் குழாயில் காற்று தங்கினால் புது ரேடியேட்டர் போட்டாலும் கொதிக்கும். முன்பக்கத்தை உயர்த்தி நிறுத்தி, ரேடியேட்டர் மேலே இருக்கிற சிறு திருகைத் தளர்த்திக் காற்றை எடுப்பார்கள்.

நம்ம வண்டியில் தூரம் குறைவு, ஆனாலும் முறை அதுதான். ரேடியேட்டர் வாய் எஞ்சினைவிட உயரமாக இருக்கும்படி, முன்சக்கரம் மேட்டில் ஏற நிறுத்துங்கள். காற்று எடுக்கிற திருகு இருந்தால் அதைத் தளர்த்தி, குமிழி நின்று வெள்ளம் மட்டும் வரும்வரை ஊற்றுங்கள். இல்லாவிட்டால் மூடியைத் திறந்தபடியே எஞ்சினை ஓடவிட்டு, மேல் ஹோஸை அமுக்கி அமுக்கி விடுங்கள். தெர்மோஸ்டாட் திறக்கும்போது மட்டம் சட்டென்று இறங்கும். அப்போது நிரப்பி மூடுங்கள்.

பிறகு பத்து கிலோமீட்டர் ஓட்டி, ராத்திரி முழுக்க ஆறவிட்டு, மறுநாள் காலையில் மூடியைத் திறந்து மட்டம் பாருங்கள். ஒரு விரல் குறைந்திருந்தால் நிரப்புங்கள், அது தங்கின காற்று வெளியேறினதாக இருக்கும். மூன்றாம் நாளும் குறைந்தால், மறுபடியும் மூடியின் ரப்பரிலிருந்து தேடத் தொடங்க வேண்டியதுதான்.